கூட்ஸ் வண்டியைப் படம் பிடிப்பது எப்படி? முதன்முதலாகத் தண்டவாளப் பக்கம் போகிறவர்களுக்கு

எக்ஸ்பிரஸ் ரயிலைப் படம் எடுப்பது சுலபம். எத்தனை மணிக்கு எந்த ஊரைத் தாண்டும் என்று கைபேசியே சொல்லிவிடும். கூட்ஸ் வண்டி அப்படியில்லை. ரயில்வேயின் என்.டி.இ.எஸ். செயலியில் பயணிகள் ரயில்கள் மட்டும்தான் வரும். சரக்கு ரயில்களைக் கண்காணிக்க ரயில்வே தனி ஏற்பாடு வைத்திருக்கிறது. அது சரக்கு அனுப்புகிறவர்களுக்கானது, நமக்கு உதவாது. ஆகவே இந்தப் பொழுதுபோக்கில் பாதி வேலை கேமராவைத் தொடுவதற்கு முன்பே நடக்கிறது: வண்டி வரப்போகிறதா என்று ஊகிப்பது, எங்கே நிற்பது, வெளிச்சம் எந்தப் பக்கம். இவை சரியாக அமைந்தால் படம் எடுப்பது மிச்ச வேலைதான். அதனால் கேமராவைப் பற்றிக் கடைசியில் பேசுவோம்.

நான் சொல்வதெல்லாம் தமிழ்நாட்டுத் தடங்களை வைத்து. சிக்னல், என்ஜின், வேகன் விஷயமெல்லாம் இந்தியாவில் எங்கே போனாலும் ஏறக்குறைய இதேதான்.

முதலில் நிற்கும் இடம்

தண்டவாளத்தின் மேல் நடப்பதும் ரயில்வே எல்லைக்குள் அனுமதியில்லாமல் புகுவதும் குற்றம். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே புதியவர்கள் நான்கு இடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்: ஸ்டேஷன் பிளாட்பாரம், நடைமேம்பாலம், சாலை மேம்பாலம், லெவல் கிராசிங் கேட்டுக்கு வெளியே இருக்கும் சாலை. இவற்றிலேயே எடுத்துத் தீராத அளவுக்குப் படம் கிடைக்கும்.

பிளாட்பாரம் என்றால் 10 ரூபாய் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிவிடுங்கள். இரண்டு மணி நேரம் செல்லும். பிறகு நேரே ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குப் போய், "சார், ஹாபிக்காக கூட்ஸ் வண்டியைப் படம் எடுக்கலாமா?" என்று கேட்டுவிடுவது நல்லது. "கூட்ஸா? அதுல என்னப்பா இருக்கு?" என்று சிரிப்பார்கள். சிலர் அதோடு நில்லாமல், "பதினஞ்சு நிமிஷம் இரு, ஒரு எம்ப்டி வருது" என்று தகவலும் சொல்வார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், வாதாடாதீர்கள். ரயில்வே பாதுகாப்புப் படைக்காரர் வந்து கேட்டாலும் அப்படியே: அடையாள அட்டையைக் காட்டி, எடுத்த படங்களைக் காட்டி, போகச் சொன்னால் போய்விடுங்கள். விற்பதற்கோ விளம்பரத்துக்கோ எடுப்பதென்றால் முறையான முன் அனுமதி வேண்டும். டிரோன் வேண்டவே வேண்டாம்.

ராணுவத் தளவாடம் ஏற்றிய வண்டி வந்தால் கேமராவைக் கீழே இறக்கிவிடுங்கள். தட்டை வேகன்களில் தார்ப்பாய் மூடிய டாங்கிகளும் லாரிகளும் வரும், நடுவில் வீரர்கள் தங்கும் பெட்டிகள் இருக்கும். பார்த்தாலே தெரியும். எடுக்கவும் கூடாது, பகிரவும் கூடாது.

ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது

"ரயில் வந்தால் சத்தம் கேட்காதா" என்பவர்களுக்கு ஒரு செய்தி: மின்சார என்ஜின் நேராக உங்களை நோக்கி வரும்போது ஆச்சரியப்படும் அளவுக்குச் சத்தம் குறைவு. பற்றவைத்த நீளத் தண்டவாளங்களில் பழைய 'தடக் தடக்' ஓசையும் கிடையாது. இரட்டைத் தடத்தில் ஒரு வண்டியைப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது, அதன் இரைச்சலில் மறைந்தபடி மற்றொன்று அடுத்த தடத்தில் வரும். இப்படியும் விபத்துகள் நடக்கின்றன. காதில் இயர்போன் இருந்தால் கழற்றிப் பைக்குள் போடுங்கள்.

கூட்ஸ் வண்டிக்கென்றே உள்ள ஆபத்துகள் வேறு. காலி வேகன்களில் சரியாகத் தாழிடாத கதவு வெளியே நீட்டிக்கொண்டு ஆடும். கட்டு அவிழ்ந்த தார்ப்பாய்க் கயிறு சாட்டையாக வீசும். குவித்து ஏற்றிய நிலக்கரியிலிருந்து கட்டிகள் தெறிக்கும். பிளாட்பாரத்தில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்றால் போதும் என்பது பயணிகள் ரயிலுக்குச் சரி. ஓடும் கூட்ஸுக்கு இன்னும் நாலடி பின்னால் போங்கள். படத்துக்கும் அதுதான் நல்லது.

லூப்பில், அதாவது மெயின் லைனிலிருந்து பிரிந்து ஒதுங்கும் பக்கத் தடத்தில், நிற்கும் வண்டி இன்னும் மோசம். அசையாமல் கிடக்கிறதே என்று அடியில் புகுந்து அந்தப் பக்கம் போகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். சிக்னல் விழுந்ததும் அது கிளம்பிவிடும். அரைக் கிலோமீட்டருக்கு முன்னால் அடித்த ஹாரன் உங்கள் காதில் விழுந்திருக்க வேண்டும் என்றில்லை. மேலே ஏறுவது பற்றிச் சொல்லவே வேண்டாம். தலைக்கு மேல் ஓடுவது 25,000 வோல்ட். கம்பியைத் தொடவேண்டியதில்லை, நெருங்கினாலே பாயும். வேகன் மேல் ஏறி செல்ஃபி எடுத்துக் கருகிய பிள்ளைகளைப் பற்றி அடிக்கடி செய்தி வருகிறது. இதே காரணத்துக்காக நடைமேம்பாலத்தில் நின்று செல்ஃபி குச்சியையோ மோனோபாடையோ வெளியே நீட்டாதீர்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: லோகோ பைலட்டைப் பார்த்த உற்சாகத்தில் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்காதீர்கள். ரயில்வே கைச் சைகையில் அதற்கு 'நிறுத்து' என்று பொருள். துணியை வேகமாக ஆட்டினாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். முழுச் சரக்கோடு 5,000 டன்னைத் தாண்டும் வண்டியை அவசர பிரேக் போட்டு நிறுத்த ஒரு கிலோமீட்டர்கூட ஆகலாம். சிவப்புச் சட்டையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஃபிளாஷும் கூடாது, ஓட்டுபவரின் கண்ணைக் கூசவைக்கும்.

வண்டி வருமா?

சுவாரசியமான பகுதி இதுதான்.

கூட்ஸ் வண்டிகள் எக்ஸ்பிரஸ்களுக்கு இடையில் கிடைக்கும் இடைவெளியில் ஓடுகின்றன. ஆகவே எந்தச் செயலி கூட்ஸைக் காட்டாதோ, அதே செயலியைத் தலைகீழாகப் பயன்படுத்தலாம். நீங்கள் நிற்கும் ஸ்டேஷனுக்கான பயணிகள் ரயில் பட்டியலை எடுங்கள். அரை மணி, முக்கால் மணி ஒன்றுமே இல்லாத இடைவெளி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கூட்ஸ் வந்தால் அந்த நேரத்தில்தான் வர வாய்ப்பு அதிகம். பகலில் தடப் பராமரிப்புக்காக இரண்டு மூன்று மணி நேரம் போக்குவரத்தை நிறுத்துவார்கள். அது முடிந்த கையோடு காத்திருந்த கூட்ஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அந்த நேரத்தில் சாப்பிடப் போய்விடாதீர்கள்.

அடுத்தது சிக்னல். சென்னைப் புறநகர்த் தடங்களில் இருப்பவை பெரும்பாலும் தானியங்கி சிக்னல்கள். கம்பத்தில் 'ஏ' என்ற எழுத்துப் பலகை இருக்கும். இவை சும்மா இருக்கும்போதே பச்சைதான். வண்டி கடந்ததும் சிவப்பாகி, பிறகு மஞ்சள், இரட்டை மஞ்சள், பச்சை என்று திரும்பும். ஆக, இங்கே பச்சையைப் பார்த்து ஒன்றும் ஊகிக்க முடியாது. ஊர்ப்பக்கத்து ஸ்டேஷன்களில் கதை வேறு. அங்கே ஹோம் சிக்னலும் (ஸ்டேஷனுக்குள் நுழைய அனுமதிப்பது) ஸ்டார்ட்டரும் (ஸ்டேஷனைவிட்டுக் கிளம்ப அனுமதிப்பது) சாதாரணமாகச் சிவப்பில் இருக்கும். ஒரு வண்டிக்கு வழி கொடுத்தால்தான் நிறம் மாறும். செயலியில் எந்த ரயிலும் இல்லாத நேரத்தில் மெயின் லைன் ஸ்டார்ட்டர் பச்சைக்கு மாறுகிறதா? கேமராவை எடுங்கள். வருவது பெரும்பாலும் கூட்ஸ்தான்.

சிக்னல் விளக்கு, வரும் வண்டியின் ஓட்டுநரைப் பார்த்தபடி இருக்கும். அதனால் வண்டி வரும் திசையையே முறைத்துக்கொண்டிருந்தால் சிக்னலின் முதுகுதான் தெரியும். வண்டி போகப்போகும் திசையில் திரும்பிப் பாருங்கள்.

ஹோம் சிக்னலில் மஞ்சள் விளக்குக்கு மேல் ஐந்து வெள்ளை விளக்குகள் சாய்வாக வரிசையாக எரிந்தால் வண்டி மெயின் லைனில் வராது; லூப்பில் ஒதுங்கப் போகிறது. வரிசை சாயும் பக்கம்தான் லூப் இருக்கும் பக்கம். இது நமக்குக் கிடைக்கும் பரிசு. வேகம் குறைத்து வளைந்து உள்ளே வரும் வண்டி, பிறகு எக்ஸ்பிரஸ் கடந்து போகும்வரை நிற்கும் வண்டி, அதன்பின் மெதுவாகக் கிளம்பும் வண்டி என்று ஒரே கூட்ஸில் மூன்று வாய்ப்புகள். அதிலும் கிளம்புவதைத் தவறவிடாதீர்கள். என்ஜின் இழுக்க, வேகன்களுக்கு இடையிலுள்ள இணைப்புகள் ஒவ்வொன்றாக இறுகும் 'டங்... டங்' ஓசை முன்னாலிருந்து பின்னால் ஓடும். நடக்கும் வேகத்தில் ஊர்ந்து வருவதால் முதல் நாள்காரர்கூட நிதானமாக எடுக்கலாம்.

கேட்டில் நிற்பவர்களுக்கு இன்னும் சுலபம். பல கேட்கள் சிக்னலோடு பிணைக்கப்பட்டவை. கேட்டை மூடிப் பூட்டினால்தான் சிக்னல் விழும். மூடிவிட்டால் சில நிமிடங்களில் வண்டி. கேட் கீப்பரிடம் மரியாதையாகப் பேசினால் பெரும்பாலும் பதில் சொல்வார். அவர் போனில் பேசும்போது மட்டும் குறுக்கிடாதீர்கள். அது அவருடைய வேலை, பல உயிர்களின் காரியம்.

வெயில் எந்தப் பக்கம்?

தடம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து எண்ணூர், அத்திப்பட்டு, பொன்னேரி வழியாக கூடூர் போகும் தடம் ஏறக்குறைய தெற்கு வடக்கு. அங்கே கணக்கு எளிது: காலையில் கிழக்குப் பக்கம் நில்லுங்கள், மாலையில் மேற்குப் பக்கம்.

சென்னை–அரக்கோணம் போன்ற கிழக்கு மேற்குத் தடத்தில்தான் யோசிக்க வேண்டும். காலையில் சென்னை நோக்கி வரும் வண்டியின் முகம் கிழக்கே பார்க்கிறது. அதில் நல்ல வெயில் விழும். அரக்கோணம் நோக்கிப் போகும் வண்டியின் முகம் நிழலில் இருக்கும். மாலையில் இது அப்படியே தலைகீழ். எந்தப் பக்கம் நிற்பது என்பது மாதத்தைப் பொறுத்தது. வருடத்தின் பெரும்பகுதி சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் தடத்துக்குத் தெற்கே நிற்பது சரி. ஆனால் சென்னை 13 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை உச்சிச் சூரியனே நமக்கு வடக்கே போய்விடுகிறது. அந்த மாதங்களில் வழக்கம்போலத் தெற்கே நின்றால் வண்டியின் பக்கவாட்டு முழுக்க இருட்டாகத்தான் வரும். வட நாட்டுக்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் எழுதிய குறிப்புகளில் இது இருக்காது, அவர்களுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது.

நல்ல வெளிச்சம் காலை ஆறரை முதல் ஒன்பது, மாலை நாலு முதல் ஆறு. நடுப்பகலில் எடுக்கக்கூடாது என்றில்லை. ஆனால் ஜல்லி சூடேறி அதன்மேல் கானல் ஆடும். தூரத்திலிருந்து பெரிய லென்ஸில் எடுத்தால் எல்லாம் நெளிந்து வரும். லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. வடகிழக்குப் பருவமழை விட்டு வெளுத்த நாட்கள்தான் என் கணக்கில் சிறந்தவை. தூசி அடங்கி, வேகன்கள் கழுவப்பட்டு, இரு பக்கமும் பச்சை.

என்ன வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

என்ஜின் எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொள்வது ஐந்து நிமிட வேலை. 'டபிள்யூ' என்றால் அகலப்பாதை, 1,676 மில்லிமீட்டர். 'ஏ' மின்சாரம், 'டி' டீசல். 'ஜி' சரக்கு, 'பி' பயணிகள், 'எம்' இரண்டுக்கும். அப்புறம் எண். டபிள்யூஏஜி-7 என்பது 5,000 குதிரைத்திறன் வகை, வருடக்கணக்காகச் சரக்கை இழுத்த உழைப்பாளி. டபிள்யூஏஜி-9 அதற்கடுத்த தலைமுறை, 6,120 குதிரைத்திறன். டபிள்யூஏஜி-12பி, பீகாரின் மாதேபுராவில் கட்டப்படுவது, இரண்டு பகுதிகள் சேர்ந்த ஒரே என்ஜின், 12,000 குதிரைத்திறன். 2020இல் ஓடத் தொடங்கியது. என்ஜினின் பக்கவாட்டில் அதன் சொந்த ஷெட்டின் (அதைப் பராமரிக்கும் பணிமனை) பெயர் எழுதியிருக்கும். அரக்கோணம், ஈரோடு, பொன்மலை எல்லாம் அடிக்கடி கண்ணில் படும்.

வேகன்களில் நாலைந்து வகை தெரிந்தால் போதும். மேலே திறந்த உயரமான தொட்டி, நிலக்கரி ஏற்றுவது, பாக்ஸ்-என். அதில் முழு ரேக் (ஒரு வண்டியின் மொத்த வேகன் வரிசை) என்றால் ஏறக்குறைய 58 வேகன், 600 மீட்டருக்கு மேல் நீளம். மூடிய பெட்டி பிசிஎன்: நெல், அரிசி, உரம், சிமென்ட். இது வழக்கமாக 42. உருளைத் தொட்டிகள் பெட்ரோலியம். தட்டை வேகன்மேல் கன்டெய்னர். பழைய பயணிகள் பெட்டியின் ஜன்னல்களை அடைத்துவிட்டு ஓடினால் அது கார் ஏற்றும் என்எம்ஜி. வாலாஜாபாத் பக்கம் நின்றால் பார்க்கலாம். இரண்டடுக்குக் கன்டெய்னர் வண்டியைத் தேடி இங்கே நிற்காதீர்கள். அதற்கு உயரமான மின்கம்பி வேண்டும். அது மேற்குச் சரக்குத் தனிப்பாதையில், ராஜஸ்தான், குஜராத் பக்கம்.

ஒவ்வொரு வேகனிலும் பதினோரு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வேகன் வகை, அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம், ஐந்தாவதும் ஆறாவதும் கட்டிய வருடம். அங்கே 14 என்றிருந்தால் 2014. பிறகு நான்கு இலக்க வரிசை எண், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். லூப்பில் நிற்கும் வண்டியை பிளாட்பாரத்திலிருந்து பார்த்து இதைப் படித்துப் பழகுங்கள், நேரம் போவதே தெரியாது.

இப்போது கேமரா

கைபேசியே போதும், தொடங்குவதற்கு. 2 மடங்கு அல்லது 3 மடங்கு தனி லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். விரலால் இழுத்துப் பெரிதாக்கும் ஜூம் வேண்டாம். அகல லென்ஸில் எடுத்தால் பெரிய என்ஜின் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடும். திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். வண்டி எந்த இடத்துக்கு வந்ததும் எடுக்கப் போகிறீர்களோ, அந்த இடத்துத் தண்டவாள ஸ்லீப்பர் கட்டையையோ கம்பத்தையோ பார்த்து முன்கூட்டியே பூட்ட வேண்டும். வந்தபிறகு பூட்ட நேரமிருக்காது.

கேமரா வைத்திருப்பவர்கள் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். மணிக்கு 72 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 20 மீட்டர். 1/100 நொடியில் வண்டி 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 1/1000இல் 2 சென்டிமீட்டர்தான். ஆகவே பக்கத்தில் ஓடும் வண்டிக்கு 1/1000, தூரத்திலிருந்து முகம் காட்டி வருவதற்கு 1/500 போதும். அபெர்ச்சர் 5.6 முதல் 8. வண்டியோடு சேர்த்து கேமராவைத் திருப்பிப் பின்னணியைக் கலங்கவைக்க ஆசைப்பட்டால் 1/30 முதல் 1/60. அதில் நிறைய வீணாகும். எல்லோருக்கும் அப்படித்தான்.

நிலக்கரி வேகன்களின் கருப்பைப் பார்த்து கேமரா ஏமாந்துபோய் வெளிச்சத்தைக் கூட்டிவிடும். அரை அல்லது முக்கால் ஸ்டாப் (கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அளவு) குறைத்து வையுங்கள். முகப்பு விளக்கு நேராக லென்ஸைப் பார்த்தால் அதற்கு நேர்மாறாக எல்லாம் இருண்டு வரும். கேமராவின் விருப்பத்துக்கு விடாமல், வண்டி வருவதற்கு முன் ஜல்லியையும் செடியையும் வைத்து அளந்து கையால் அமைத்துவிட்டால் இந்தத் தொல்லை இரண்டுமே இல்லை.

சட்டகத்தில் கவனிக்க வேண்டியது மூன்று. ஒன்று, மின்கம்பம். என்ஜினின் முகத்துக்கு முன்னால் ஒரு கம்பம் நின்றால் படம் போச்சு. நெற்றியிலிருந்து முளைத்தாலும் போச்சு. வண்டி வருவதற்கு முன்பே இரண்டு கம்பங்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தைத் தேர்ந்து, முகம் அங்கே வரும் நொடியில் அழுத்துங்கள். இரண்டு, மேலே தூக்கிய பாண்டோகிராஃப், அதாவது கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் கூரைச் சட்டம். புதியவர்களின் படங்களில் அது பாதியாக வெட்டுப்பட்டிருக்கும். மேலே இடம் விடுங்கள். மூன்று, வால். என்ஜினை மட்டும் எடுத்தால் அது என்ஜின் படம். கூட்ஸ் வண்டி தெரிய வேண்டுமென்றால் பின்னால் ஓடும் வேகன் வரிசை வேண்டும். அதற்கு வளைவின் உட்பக்கம் நிற்பதைப்போல் வசதி வேறில்லை. மேம்பாலத்தில் நின்றாலும் முழு நீளமும் தெரியும். கரி, கன்டெய்னர், காலி என்று உள்ளே இருப்பதும் தெரியும்.

என்ஜின் போனதும் கேமராவை மூடிவிடாதீர்கள். கடைசியில் கார்டு பெட்டி வரும். 2022இலிருந்து அவர் பதவிப் பெயர் 'டிரெய்ன் மேனேஜர்', ஆனால் எல்லார் வாயிலும் இன்னும் கார்டுதான். ஸ்டேஷனைக் கடக்கும்போது அவர் பெட்டியின் வாசலில் நின்று பச்சைக் கொடி காட்டுவார். பிளாட்பாரத்திலிருந்து ரயில்வே ஊழியரும் கொடி காட்டுவார். இரண்டு கொடிகளும் ஒரே படத்தில் விழுவது சில நொடிகள்தான். சில வண்டிகளில் இப்போது கார்டு பெட்டிக்குப் பதில் கடைசி வேகனில் ஒரு கருவியை மாட்டி அனுப்புகிறார்கள். கார்டு பெட்டி இருக்கும்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே கோப்பின் பெயரில் தேதி, இடம், என்ஜின் எண், ஷெட், சரக்கு, போன திசை ஆறையும் எழுதிவிடுங்கள். நாளைக்கு என்றால் மறந்துபோகும்.

எங்கே தொடங்கலாம்?

சென்னைக்காரர்களுக்கு அத்திப்பட்டு. எண்ணூர் துறைமுகத்தில் கப்பலில் இறங்கும் நிலக்கரி மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு ரயிலில் போவதால் பாக்ஸ்-என் ரேக்குகளுக்குப் பஞ்சமில்லை. பெட்ரோலியத் தொட்டிகளுக்குத் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை. அதே நிலக்கரியை மலையோரத்தில் பார்க்க ஆசைப்பட்டால் சேலத்துக்கு முன்னால் பொம்மிடி, லோகூர். சேர்வராயன் அடிவாரத்தில் தடம் வளைந்து வளைந்து ஏறும். அரியலூர் பக்கம் சிமென்ட். நாமக்கல்லில் கோழித் தீவனத்துக்கு வெளி மாநில மக்காச்சோளம் வந்து இறங்கும். மதுக்கரை–வாளையாறு காட்டை விட்டுவிடுங்கள், அது யானை நடமாடும் இடம்.

டெல்டாக்காரர்கள் எங்கும் அலைய வேண்டாம். சம்பா அறுவடை முடிந்த மாதங்களில் தஞ்சாவூர், நீடாமங்கலம், மன்னார்குடியிலிருந்து நெல் ஏற்றிய பிசிஎன் ரேக்குகள் மற்ற மாவட்டங்களுக்குக் கிளம்பும். நீடாமங்கலம் கேட் வெகுகாலமாகப் பேர்போனது. என்ஜினைக் கழற்றித் திசை மாற்றி மாட்டும்வரை கேட்டின் இருபுறமும் பஸ்ஸும் லாரியும் வரிசைகட்டி நிற்க, ஊரே திட்டிக்கொண்டிருக்கும். கையில் கேமரா வைத்திருப்பவர் அந்த நேரத்தில் முகத்தைக் கொஞ்சம் சோகமாக வைத்துக்கொள்வது நல்லது.